கொல்லை மீன் குட்டையில் நீர்ச்செடிகள்

கொல்லையில் இரண்டு சென்ட் குட்டை வெட்டி மீன் வளர்ப்போர், நீரில் செடி இருக்கலாமா என்று கேட்பதுண்டு. இருக்கலாம், அளவுதான் முக்கியம். செடிகள் பகலில் நீருக்குப் பிராணவாயு தருகின்றன. இரவில் அவையும் மீன்களுடன் சேர்ந்து அதையே சுவாசிக்கின்றன. செடி மிகுந்த குட்டையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதும், சாவதும் இதனால்தான். அப்போது உடனே புதுநீர் பாய்ச்ச வேண்டும். செடியில் ஒரு பகுதியையும் வாரிவிட வேண்டும். நீர்ப்பரப்பில் கால் பங்குக்கு மேல் செடி மூட விடக்கூடாது.

அல்லிக் கிழங்கை அகன்ற மண்சட்டியில் நடுவதே மேல். சேற்றில் நட்டால் சாதாக் கெண்டை இரை தேடிக் கிளறிப் பிடுங்கிவிடும். சட்டியில் களிப்பாங்கான வண்டல் மண் நிரப்பி, குருத்து வெளியே தெரிய நட்டு, மேலே கூழாங்கல் பரப்பவும். பச்சைச் சாணம் வேண்டாம். அழுகி நீரைக் கெடுக்கும். முதலில் சட்டியைச் செங்கற்கள் மேல் வைத்து அரையடி நீர் நிற்கச் செய்யவும். இலைக்காம்பு நீள நீளச் செங்கற்களை எடுத்துவிடலாம். மூன்று, நான்கு வாரத்தில் வேர் பிடித்தபின் மீன்குஞ்சு விடவும்.

வேலம்பாசிக்கு இவ்வளவு பாடில்லை. ஒரு சாண் துண்டுகள் ஐந்தாறைக் கல்லுடன் கட்டி இறக்கினால் போதும். ஆனால் புல்கெண்டை உள்ள குட்டையில் அது நிற்காது; புல்கெண்டைக்கு அது தீனி. தனித் தொட்டியில் வளர்த்து அறுத்துப் போடலாம்.

ஏரியிலிருந்து கொண்டுவரும் செடிகளை நத்தையும் முட்டையும் போக நன்கு அலசவும். பூ அழகாயிருக்கிறதென்று ஆகாயத் தாமரையை மட்டும் கொண்டுவர வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இக்களை, வாய்ப்பான சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். ஏற்கெனவே இருந்தால் பூக்குமுன் வேரோடு வாரி எருக்குழியில் போடவும்.