செத்த புழு செய்யும் சேதம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. "ஐவர்மெக்டின் மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. அப்புறமும் ஆற்றுக் குருட்டு நோயைப் பற்றி என்ன ஆராய்ச்சி, பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். புழுதான் உடம்பைக் கெடுக்கிறது, புழு செத்தால் நோய் தீர்ந்தது என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்த நோயில் அந்தக் கணக்கு செல்லாது. புழு ஈனும் குஞ்சான நுண்புழு உயிரோடு திரியும்வரை உடம்பு அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது சாகும்போதுதான் வம்பு.

புழுவின் பெயர் ஆங்கோசெர்கா வால்வுலஸ். நம் ஊர் யானைக்கால் புழுவுக்குப் பங்காளி. இந்தியாவில் இது கிடையாது; நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே இருப்பவர்கள். பரப்புவது சிமூலியம் என்ற கருப்பு ஈ. தேங்கிய நீரில் பெருகும் கொசு போலல்ல; இதன் லார்வாவுக்குப் பாறையில் மோதிப் பாய்கிற ஆற்று நீர்தான் வேண்டும். அதனால்தான் ஆற்றோரத்து வளமான வயல்களை விட்டே மக்கள் குடிபெயர்ந்தார்கள்.

ஈ கடித்து உள்ளே போன புழு தோலடியில் கட்டியாகச் சுருண்டுகொள்கிறது. பெண்புழு 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை நீளும், பத்துப் பதினைந்து ஆண்டு உயிர் வாழும், நாளுக்கு ஆயிரம் அளவில் நுண்புழுக்களை ஈனும். அவை தோலெங்கும் ஊர்ந்து கண்ணுக்குள்ளும் போய்ச் சேரும். ஓரிரு ஆண்டில் அவை செத்ததும் நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே படையெடுக்கும்; கருவிழி வெந்து, தழும்பேறி, கடைசியில் வெண்மையாகிப் பார்வை போகும். தோலில் தூங்கவிடாத அரிப்பு. கண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நோயாளியைக் கேட்டால் அவர் முதலில் சொல்வது அரிப்பைத்தான்.

இங்கே வீடு வீடாகக் கொடுத்தார்களே யானைக்கால் மாத்திரை, அந்த டிஇசியை இந்த நோய்க்கும் ஒரு காலத்தில் கொடுத்தார்கள். நுண்புழுக்கள் கூட்டமாகச் செத்தன. உடனே காய்ச்சல், வீக்கம், ரத்த அழுத்தச் சரிவு. சிலருக்கு இருந்த பார்வையும் போயிற்று. மஸோட்டி எதிர்வினை என்று இதற்குப் பெயர். சிகிச்சையே குருடாக்கும் என்றால் அதை எப்படி ஊர் முழுக்கக் கொடுப்பது?

ஐவர்மெக்டினின் அருமை இங்கேதான் தெரியும். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர், அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் கையில் கால்நடை மருந்தாகி, பிறகு மனிதருக்கு வந்தது. அது நுண்புழுவை முடக்கிப்போடும். எதிர்வினையும் டிஇசி அளவுக்கு மூர்க்கமாக இருக்காது. பெண்புழு பல மாதம் ஈனாது. ஆனால் சாகாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவையாவது கொடுத்துக்கொண்டே, அந்தப் புழு கிழடாகிச் சாகும்வரை காத்திருக்க வேண்டும். 1987 முதல் மெர்க் நிறுவனம் இதை இலவசமாகத் தருகிறது. 2013இல் கொலம்பியாவும், ஆப்பிரிக்காவில் முதலாவதாக 2025இல் நைஜரும் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நைஜரின் வெற்றியில் ஹெலிகாப்டரிலிருந்து ஆறுகளில் பூச்சிமருந்து தெளித்த பழைய திட்டத்துக்கும் பங்குண்டு.

இனி நீ கேட்ட ஆராய்ச்சி. இந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே வொல்பாகியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. புழு செத்து உடையும்போது அது வெளியே சிந்துகிறது. 2002இல் ஓர் ஆய்வில், பாக்டீரியா உள்ள புழுவின் சாற்றையும் டாக்ஸிசைக்ளினால் பாக்டீரியா நீக்கிய புழுவின் சாற்றையும் எலிகளின் கருவிழியில் செலுத்திப் பார்த்தார்கள். முதலாவதில் அழற்சி கடுமை. இரண்டாவதில் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான். அந்த பாக்டீரியா இல்லாமல் புழுவும் பிழைக்காது. நாலு முதல் ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெண்புழு மலடாகி, மெல்லச் செத்தும் போகிறது. ஆனால் தினமும் மாத்திரை, அதுவும் வாரக்கணக்கில். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. ஊருக்கே எப்படிக் கொடுப்பது?

மத்திய ஆப்பிரிக்காவில் இன்னொரு சிக்கல். லோவா லோவா என்ற வேறொரு புழு அங்கே பலருடைய ரத்தத்தில் இருக்கிறது. அது மிதமிஞ்சியிருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால், சாகும் புழுக்களால் மூளை பாதித்து, நினைவிழந்து இறக்கவும் நேரிடலாம். கேமரூனில் செல்போனோடு இணைத்த நுண்ணோக்கியால் ஒரு துளி ரத்தத்தில் நெளிவதை எண்ணிப் பார்த்து, அதிகம் உள்ளவர்களை மட்டும் விலக்கிவிட்டு 15,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். கடுமையான பாதிப்பு யாருக்கும் வரவில்லை. லோவாவிடம் வொல்பாகியா கிடையாது. ஆகவே அதைக் கூட்டமாகக் கொல்லாத டாக்ஸிசைக்ளின், விலக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பாக உதவும்.

இன்னும் விடை கிடைக்காதது வலிப்பு. ஆற்றுக் குருட்டு நோய் பரவிய இடங்களான உகாண்டாவின் வடக்கிலும் தெற்கு சூடானிலும் தான்சானியாவின் மஹெங்கேயிலும் நன்றாக ஓடியாடிய பிள்ளைகள் திடீரெனத் தலையைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு ஆட்டத் தொடங்குகிறார்கள். பிறகு வலிப்பு, வளர்ச்சிக் குறைவு. தலையாட்ட நோய் என்று சொல்லலாம். கேமரூனில் 1990களின் தொடக்கத்தில் தோலில் நுண்புழு எண்ணிக்கை பார்த்த பிள்ளைகளை 2017இல் தேடிப்போனார்கள்; அன்று புழு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதலாகப் பின்னாளில் வலிப்பு வந்திருந்தது. நுண்புழு மூளைக்குள் போகிறதா? அதற்கான தெளிவான சான்று இல்லை. புழுவை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்புப் புரதம், அதைப் போன்ற லியோமோடின்-1 என்ற நம் நரம்பணுப் புரதத்தையும் தாக்குகிறது என்று 2017இல் ஒரு குழு சொன்னது. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் தெரியும்வரை யாரும் கைகட்டி நிற்கவில்லை. தெற்கு சூடானின் மரீடியில் அணை மதகோரத்துச் செடிகொடிகளில்தான் ஈயின் லார்வாக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்களே இறங்கி அவற்றை வெட்டி அகற்றினார்கள். மாத்திரையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஈக்கடி குறைந்தது, புதிதாக வலிப்பு வரும் பிள்ளைகளும் குறைந்தார்கள்.

அன்புடன்,
பெரியப்பா