தீவகத்துக்கு ஏற்ற மைக்ரோகன்ட்ரோலர் பயிற்சிப் பெட்டி: கேள்வி – பதில்

முதன்முதலாகக் கற்கும் மாணவருக்கு எந்தப் பலகை நல்லது?
– ஆசிரியர், ஊர்காவற்றுறை

ஆர்டுயினோ ஊனோ வகை. மாணவருக்குக் கட்டுபடியாகும் பலகை வேண்டும் என்றுதான் ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவானது. ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் செய்நிரலுக்கு 32 கிலோபைற்று இடமே உண்டு. தொடக்கப் பாடங்களுக்கு அது தாராளம். 2021இல் 4 டொலருக்கு வந்த ராஸ்பெரி பை பிக்கோ இதனிலும் வேகமானது. ஆனால் அதன் முனைகள் 3.3 வோல்ற்றுக்கு உரியவை. 5 வோல்ற்று உணரியை நேரே கொடுத்தால் பழுதாகக்கூடும். மாணவரின் பிழையைத் தாங்கும் பலகையே முதற் பலகை. சிப்பைக் கழற்றி மாட்டக்கூடிய ஊனோவாக இருந்தால், சிப் எரிந்தாலும் பூட்லோடர் ஏற்றிய வேறொன்றை மாட்டிப் பலகையைக் காப்பாற்றலாம்.

அசல் அல்லாத மலிவுப் பலகை களவுப் பொருளா?
– மாணவி, வேலணை

இல்லை. எவரும் செய்து விற்கலாம் என்றே ஊனோவின் வடிவமைப்பு வெளியிடப்பட்டது. ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் போடுவதுதான் தவறு. மலிவுப் பலகைகள் பலவற்றில் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் இட்டுப் பெட்டியோடு கொடுக்க வேண்டும்.

37 உணரிகள் உள்ள பெட்டி வாங்கலாமா?
– பெற்றோர், புங்குடுதீவு

வேண்டாம். ஒரு தவணையில் ஐந்து உணரிகளை ஒழுங்காகக் கற்பிப்பதே பெரிய காரியம்.

9 வோல்ற்றுப் பற்றரி ஏன் இவ்வளவு விரைவில் தீர்கிறது?
– மாணவன், நயினாதீவு

பலகை 9 வோல்ற்றை 5 ஆகக் குறைக்கும்போது சக்தியில் ஏறத்தாழ 44 வீதம் வெப்பமாகிப் போகிறது. அந்தச் சிறு பற்றரியில் முதலிலேயே சக்தி அதிகம் இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசி சார்ஜரும் யூஎஸ்பி வயரும் போதும்.

ஒரு தவணைக்குள் இணைப்புகள் விட்டுவிட்டு வேலை செய்கின்றன. பலகை பழுதா?
– ஆசிரியை, நெடுந்தீவு

பெரும்பாலும் பலகையில் பழுது இராது. உப்புக் காற்று முதலில் பிரெட்போர்ட்டின் உள்தகடுகளையும் ஜம்பர் வயர்களின் முனைகளையும் பிடிக்கும். வாங்கும்போது முனைக்குக் கிட்டக் காந்தத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் உள்ளே இரும்பு. பூச்சு தேய்ந்ததும் துருவேறும். பழைய தொலைபேசிக் கேபிளின் ஒற்றைச் செப்புக் கம்பி அதனிலும் நல்லது. பச்சை படிந்தாலும் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவலாம். பாடம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

பாகங்களின் விலைக்கு மேல் 10 வீதம் வைத்து விற்றால் போதாதா?
– இளைஞர், ஊர்காவற்றுறை

போதாது. இப்படி விலை வைத்தால் முயற்சி இரண்டாம் வருடத்தைக் காண்பது கடினம். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 10 டொலர்ப் பொருள் 2,000 ரூபாவிலிருந்து 3,600க்குப் போனது. 2024 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். அடுத்த முறை வாங்கப்போகும் விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பாகங்கள் 3,000 ரூபா, வரியும் ஏற்றுக்கூலியும் 600, பழுதாகி வருபவற்றுக்கு 300, தமிழ்க் கையேடு 250, ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்கும் கூலி 350 என்றால் மொத்தம் 4,500. பாகங்களின் விலைக்கு மேல் 10 வீதம் மட்டும் வைத்து 3,300க்கு விற்பவர் ஒவ்வொரு பெட்டியிலும் 1,200 ரூபா இழக்கிறார்.

விலையைக் குறைக்க வேண்டுமானால் உணரிகளைக் குறைக்கலாம். சோதனையையும் கையேட்டையும் உதிரிகளையும் தொடக்கூடாது. நெடுந்தீவில் ஒரு தடையி இல்லாமற் போனால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ், திரும்பவும் படகு. சில ரூபாச் சாமானுக்கு ஒரு நாள் போய்விடும். அதற்குள் பிள்ளையின் ஆர்வமும் போய்விடும். ஆகவே தடையியும் எல்ஈடியும் தேவையானதைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அப்படிப் பேணப்படும் பெட்டியை இரண்டு மாணவர் சேர்ந்து பயன்படுத்தி, மூன்று வருடங்கள் கைமாறினால் 4,500 ரூபா ஆறு பேருக்குப் பங்காகும், தலைக்கு 750. பெட்டி மலிவாவது இவ்வாறுதான்.

எல்ஈடியை மினுக்கிய பிறகு என்ன செய்விப்பது?
– ஆசிரியர், அனலைதீவு

தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் ஒலிக்கும் மணி. நன்னீர் அரிதான தீவில் அதன் பயன் உடனே விளங்கும். உட்புறத் தடையியை இயக்கிய முனையிலிருந்து ஒரு செப்புக் கம்பியும் கிரவுண்டிலிருந்து இன்னொன்றும் தாங்கியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் முனையின் வாசிப்பு இறங்கும், பசர் ஒலிக்கும். வாசிக்கும் கணத்தில் மட்டும் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். ஓயாமல் கொடுத்தால் மின்பகுப்பினால் ஒரு கம்பி அரித்துப் போகும்.