பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

கல்லூரி நூலகத்தின் மின்னிதழ்களும் மின்னூல்களும் மாணவர்களுக்கு எட்டுகின்றனவா? இதை அறிய நாம் வழக்கமாகச் செய்வது கூகுள் ஃபார்ம் அனுப்புவதுதான். "திருப்தியா?" என்று கேட்டால், ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவரும் "நன்று" என்று டிக் அடித்துவிட்டுப் போவார். தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்குக் காட்ட ஒரு கோப்பு சேரும், அவ்வளவுதான். நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரே வாரத்தில், செலவில்லாமல் செய்யக்கூடிய வேறு வழி உண்டு.

முதலில் உங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். வளாகத்துக்குள் ஐ.பி. முகவரியைப் பார்த்தே பதிப்பகத் தளங்கள் கதவைத் திறந்துவிடுகின்றன. அதனால் நூலகர் கண்ணுக்குப் பூட்டே தெரிவதில்லை. மாலையில் வீட்டிலிருந்து, செல்போனில், சொந்த டேட்டாவில், மாணவருக்குத் தருவதைப் போன்ற புதுக் கணக்கில் நுழைந்து ஒரு கட்டுரையை இறக்கிப் பாருங்கள். பாஸ்வேர்டு மறந்ததாகச் சொல்லிப் பாருங்கள், மீட்பு மின்னஞ்சல் வருகிறதா? பி.டி.எஃப். கைக்கு வர எத்தனை தடவை தட்ட வேண்டியிருந்தது? தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பதிப்பகங்கள் தரும் 'கவுன்ட்டர்' பயன்பாட்டு அறிக்கை. மொத்தக் கோரிக்கைகளை நம்பி மகிழ வேண்டாம். ஒரே கட்டுரையை ஒருவர் திரையில் படித்துவிட்டு பி.டி.எஃப்.பும் இறக்கினால் மொத்தத்தில் 2 ஏறும். தனிக் கோரிக்கையில் 1தான். அதைவிட, அனுமதி மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலைப் பாருங்கள். மாணவர்கள் கேட்டு நாம் தராதவை அதில் இருக்கும். ஆனால் தேடத் தெரியாமல் பாதியில் விட்டவர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார்.

அவரைப் பிடிக்கத்தான் அடுத்த வேலை. ஐந்து மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்து உட்கார வையுங்கள். ஐந்து பேரிடமே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் யாகோப் நீல்சன் 2000இல் எழுதினார். இளங்கலை மாணவரும் பிஎச்.டி. ஆய்வாளரும் தேடும் விதம் வேறு என்பதால், இரு தரப்பையும் சோதிப்பதாக இருந்தால் ஒவ்வொரு தரப்பிலும் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்வது நல்லது. நூலகத் தளத்தைத் திறந்து வைக்காதீர்கள், வெறும் பிரவுசர் போதும். "உங்கள் புராஜெக்ட் தலைப்பில் 2020க்குப் பின் வந்த மூன்று கட்டுரைகளை எடுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். 'டேட்டாபேஸ்', 'இ-ரிசோர்ஸ்' என்ற சொற்கள் உங்கள் வாயில் வரக்கூடாது. வந்தால் அதையே தேடிப் போவார்கள்.

பிறகு பேசாமல் இருங்கள். கடினமான பகுதி இதுதான். "மேலே பாரும்மா, அங்கேதான் இருக்கு" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை அத்தோடு முடிந்தது.

நான் இப்படி உட்கார்ந்த முதல் நாள், ஒரு எம்.எஸ்சி. மாணவி கூகுள் ஸ்காலரில் சரியான கட்டுரையை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார். திறந்ததும் டாலரில் விலை வந்தது. "இது காசு சார்" என்று மூடிவிட்டு அடுத்ததற்குப் போனார். அந்த இதழுக்கு நாங்கள் சந்தா கட்டியிருந்தோம்! நூலகத் தளத்தில் நுழைந்து வந்திருந்தால் இலவசம். ஆனால் அவர் அந்த வாசல் வழியாக வரவே இல்லை. எத்தனை போஸ்டர் ஒட்டினோம் என்பது அந்த நொடியில் யாருக்கும் உதவவில்லை.

கேள்வித்தாள் வேண்டியே தீரும் என்றால், நூலகச் சேவையின் தரத்தை அளக்கும் லிப்குவால் முறையைப் பாருங்கள். 2000இல் அமெரிக்காவில் தொடங்கியது; 22 அடிப்படைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண்: குறைந்தபட்சம் எது போதும், விரும்புவது எது, கிடைப்பது எது. வீட்டிலிருந்து மின்வளங்கள் எட்டுகின்றனவா என்பதும் அதில் ஒரு கேள்வி. கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே போகும் இடத்தில் முதலில் கைவையுங்கள்.

கண்ட குறைகள் அனைத்தையும் ஒரே மூச்சில் திருத்தப் போகாதீர்கள். மூவர் இடறிய இடம் ஒன்றை எடுங்கள். எங்களுக்கு அது விலைப் பக்கம். கூகுள் ஸ்காலர் அமைப்புகளில் நூலக இணைப்பைச் சேர்ப்பது எப்படி என்று நான்கு வரியில் எழுதி, ஹாஸ்டல் வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டோம். திருத்திய பிறகு மறுபடி ஐந்து பேரை அழையுங்கள். பழைய ஐவர் வேண்டாம். அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது.