மணல் போன வழி

சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பைக் காணும்போது, அது தொன்றுதொட்டே அங்கே இருந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அக்கரை மிகவும் குறுகலானது.

முதலில் அலையின் வேலையை அறிந்துகொள்வோம். அலை பெரும்பாலும் சாய்வாக வந்து கரையை மோதுகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர்கிறது. சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் மணல் வடக்கேயும், வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் தெற்கேயும் செல்கிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி.

அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலில் நின்றன. ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரை சேர்த்தன. இக்குறையைப் போக்க 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் சுவரில் தடைப்பட்டுத் தென்புறம் குவிந்தது. கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார்.

ஆனால் வடபுறத்தின் நிலை என்ன? அலை அங்குள்ள மணலை வழக்கம்போல் கொண்டுசென்றது. ஈடுசெய்யப் புதுமணல் வரவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. மீனவ மக்கள் வீடுகளையும், வலை உலர்த்தும் இடத்தையும் இழந்தனர். கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். பாறை வரிசை முடியும் இடத்திற்கு அப்பால் அரிப்புத் தொடர்ந்தது.

புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரின் கடற்கரை மறைந்தது. அங்கே 2018-இல் நீருக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை அமைத்தனர். மணல் ஓரளவு திரும்பி வந்தது.

துறைமுகமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. நாட்டிற்குக் கப்பல்கள் தேவை. ஆயினும் தடைப்பட்ட மணலை எடுத்து மறுபுறத்தில் சேர்க்கவும் வழியுண்டு. கட்டும்போதே அதற்கும் திட்டமிடுதல் கடமையாகும்.

தோழியரே, அடுத்த முறை மெரினாவுக்குச் செல்லும்போது ஒரு பிடி மணலைக் கையில் எடுங்கள். அது வடக்கே ஒரு மீனவர் வீட்டு வாசலுக்குச் சென்றிருக்க வேண்டிய மணல் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.