ஊரடங்கும் உடற்கவசமும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கொள்ளைநோய் ஒன்று நாட்டுக்குள் புகும்போது அரசின் கையில் உடனடியாக இருக்கக்கூடிய கருவிகள் இரண்டு. மக்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் நிறுத்தி வைப்பது ஒன்று. நெருங்கியே ஆகவேண்டியவர்களுக்குக் கவசம் கொடுப்பது மற்றொன்று. முன்னதை ஊரடங்கு என்கிறோம். பின்னதில் முகக்கவசம், கையுறை, முழு உடல் கவசம் முதலியன அடங்கும். 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றில் இவ்விரண்டும் கையாளப்பட்ட முறை பற்றி நம் நாட்டில் நிறையப் பேசப்பட்டது. ஆயினும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசப்பட்டது. ஊரடங்கு தேவையா என்பது ஒரு வாதம். கவச உடை போதுமா என்பது வேறொரு வாதம்.

இவ்விரண்டையும் ஒரே கணக்கின் செலவாகவும் வரவாகவும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஊரடங்கு நோயை ஒழிப்பதில்லை. அதன் வருகையைத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதத்திற்கு விலை கொடுப்பவர்கள் மக்கள். எனவே, அந்தக் காலத்தில் அரசு எதைத் தேடிச் சேர்த்தது, அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது மக்களின் உரிமையாகும். அக்கேள்வியைத் தமிழகத்தை, குறிப்பாக நம் திருவரங்குளம் வட்டாரத்தை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

சட்டத்தின் பின்னணி

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதையடுத்து ஆங்கில அரசு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டத்தை இயற்றியது. அது நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். முதற்பிரிவு சட்டத்தின் பெயரைக் கூறுவது. இரண்டாவது, அரசுக்கு அதிகாரம் அளிப்பது. மூன்றாவது, மீறியோருக்குத் தண்டனை கூறுவது. நான்காவது, நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அலுவலருக்குப் பாதுகாப்பு அளிப்பது. நோயாளிக்கு என்ன உதவி, வேலை இழந்தவருக்கு என்ன நிவாரணம், மருத்துவப் பணியாளருக்கு என்ன கவசம் என்பன பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்நாளில் சென்னை மாகாணத்தில் பிளேக் பரவிய இடங்களிலிருந்து வரும் பயணிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வழங்கிக் கண்காணித்தனர். 2020இல் நாம் கண்ட 'இ-பாஸ்' முறைக்கு அதனை முன்னோடி எனலாம்.

பின்னர் 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் வந்தன. பேரிடரால் பாதிக்கப்பட்டோருக்கு உணவு, குடிநீர், தங்குமிடம், மருத்துவ வசதி ஆகியவற்றில் குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. 2020இல் இப்புதிய சட்டத்தோடு 1897ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்த்தே பயன்படுத்தப்பட்டது.

கவசம் என்பது யாது?

1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த ஊ லியென்-டே என்ற மருத்துவர், பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கித் தைத்த முகக்கவசத்தை மருத்துவப் பணியாளர் அனைவரும் அணியுமாறு செய்தார். அதனை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அந்நோய்க்கே இரையானார். அன்று முதல் முகக்கவசம் கொள்ளைநோய்த் தடுப்பின் ஒரு பகுதியாயிற்று.

இன்றைய என்-95 முகக்கவசம் சாதாரணத் துணியன்று. உருக்கி ஊதப்பட்ட பாலிபுரொப்பிலீன் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றிச் செய்யப்படும் அதன் உள்ளடுக்கு, 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களில் 95 விழுக்காட்டையேனும் தடுக்கவல்லது. சோப்பு நீரில் துவைத்தால் அம்மின்னூட்டம் கெடும். முழு உடல் கவசமோ, நீரும் குருதியும் ஊடுருவாத படலம் ஒட்டிய துணியால் ஆனது. அதன் தையல் துளைகளின் வழியே கிருமி நுழையாதபடி, வெப்பக் காற்றால் நாடா ஒட்டி மூடவேண்டும். ஆகவே தையல் இயந்திரமும் ஆளும் இருந்தால் மட்டும் கவசம் உருவாகிவிடாது. தகுந்த துணி, நாடா, அதனை ஒட்டும் இயந்திரம், சோதனைக்கூடம் ஆகிய நான்கும் வேண்டும். கழற்றும் முறை தெரியாதவர் அணிந்த கவசமே அவருக்கு நோயைத் தரவும் கூடும் என்பதால் பயிற்சியும் வேண்டும்.

முன்னெச்சரிக்கையும் தடுமாற்றமும்

2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் தொற்று கேரளத்தில் உறுதியாயிற்று. மறுநாளே மத்திய அரசு பாதுகாப்புக் கருவிகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. இது பாராட்டத்தக்க விரைவாகும். ஆனால் பிப்ரவரி 8ஆம் நாளே அறுவை முகக்கவசங்களுக்கும் கையுறைகளில் பெரும்பாலானவற்றுக்கும் தடை நீக்கப்பட்டது. பிப்ரவரி 25இல் மேலும் சில பொருள்களுக்கும் நீக்கப்பட்டது. மார்ச் 3ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் விடுத்த எச்சரிக்கையில், அறுவை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காகவும், என்-95இன் விலை மும்மடங்காகவும் உயர்ந்துவிட்டதாகக் கூறியது. மார்ச் 13இல் முகக்கவசமும் கிருமிநாசினியும் இன்றியமையாப் பண்டங்களாக அறிவிக்கப்பட்டன. முகக்கவசத்திற்கும் அதன் மூலப்பொருளுக்கும் ஏற்றுமதித் தடை மீண்டும் வந்தது மார்ச் 19இல்தான். மார்ச் 21இல் மூன்றடுக்கு முகக்கவசத்திற்கு 10 ரூபாய் என உச்சவிலை குறிக்கப்பட்டது. ஊரடங்கோ அம்மாதம் 24இல் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட ஏழு வாரங்கள், ஒருவரையும் வீட்டுக்குள் அடைக்காமலே கிடைத்த காலம். அதனை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது இத்தேதிகளை வரிசைப்படுத்தினாலே விளங்கும்.

கோவையும் திருப்பூரும்

ஊரடங்குக் காலத்தில் நடந்த நற்செயலையும் மறைக்கலாகாது. 2020 தொடக்கத்தில் நம் நாட்டில் தரமான முழு உடல் கவசத்தின் உற்பத்தி ஏறத்தாழ இல்லை. கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் செயற்கைக் குருதியைக் கொண்டு துணியைச் சோதித்துச் சான்றளிக்கும் பணியை ஏற்றது. பனியன் ஆடைகளுக்குப் பெயர் பெற்ற திருப்பூரின் தொழிற்கூடங்கள் பல கவச உடை தைக்கத் தொடங்கின. ஆவடியிலுள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அப்பணியில் இறங்கியது. ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணியாளருக்குக் கவசம் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. மே மாதத்திற்குள் நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கவச உடைகள் என்ற நிலையை எட்டியது.

தமிழகத்திற்கு மற்றொரு துணையும் இருந்தது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கி வருகிறது. வாங்கவும் பகிரவும் பழகிய நிறுவனம் முன்னமே இருந்ததால், புதிதாக ஓர் அமைப்பைத் தேட வேண்டிய நிலை நமக்கு நேரவில்லை. பொதுமக்களுக்கான துணி முகக்கவசங்களை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தைத்தன. 2020 ஜூலை இறுதியில் நியாயவிலைக் கடைகள் வழியே ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசம் இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கிற்று. எனினும் வீட்டில் செய்த முகக்கவசத்தை அனைவரும் அணியலாம் என்ற மத்திய அரசின் அறிவுரை ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அறிவுரைக்கும் அரசு முகக்கவசத்திற்கும் இடையே ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழிந்தன.

அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டிய கதை

மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் அன்றைக்கு உறுதியான தொற்று 18. மூன்று முறை நீட்டிக்கப்பட்ட பின் மே 31இல் அதன் மொத்த எண்ணிக்கை 22,333. பரவலைத் தாமதப்படுத்துவதுதான் நோக்கம் என்பதால், இவ்வுயர்வு ஒன்றைக் கொண்டே ஊரடங்கு தோற்றது என்று கூறிவிட முடியாது. ஆனால் இடையில் நிகழ்ந்த ஒரு தவறு தனியே ஆராயத்தக்கது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24இல் அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஒரே நாள். அந்த ஒரு நாளில் நான்கு நாட்களுக்கான பொருளை வாங்க மக்கள் கடைகளில் திரண்டனர். அதே காலத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5இல் சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர் வழியே அரியலூர், கடலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் தொற்று பெருகிற்று. மாநகர் முழுவதற்கும் காய்கறி இறக்கிய சுமைத் தொழிலாளர் அன்று யாருடைய கவசப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

திருவரங்குளம் வட்டாரம் கொடுத்த விலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு தொற்றும் பதிவாகவில்லை. ஆயினும் சென்னைக்கு உரிய அதே பூட்டு இங்கும் போடப்பட்டது. ஆலங்குடி வட்டத்தில் அமைந்த திருவரங்குளம், வடகாடு, கீரமங்கலம் பகுதிகள் பூவும் பலாவும் வாழையும் தென்னையும் விளையும் பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் இங்குள்ள தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்திருந்தது. அதிலிருந்து மீளும் முன்பே, மல்லிகையும் முல்லையும் மிகுதியாகப் பூக்கும் பருவத்தில் கோயில்கள் மூடப்பட்டன, திருமணங்கள் சுருங்கின, பூச்சந்தை நின்றது. பறிக்கும் கூலிக்கும் கட்டுப்படாத பூ செடியிலேயே உதிர்ந்தது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்திற்கான நாட்கூலி 2020 ஏப்ரல் 1 முதல் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அம்மாதத்தில் வேலை நின்றிருந்தது. அரிசி அட்டைதாரர்க்கு மாநில அரசு வழங்கிய 1,000 ரூபாய் இக்கூலியில் நான்கு நாள் ஊதியத்திற்கும் குறைவு. மார்ச் 25 முதல் மே 31 வரையுள்ள நாட்களோ 68. விலையில்லா அரிசி பட்டினியைத் தடுத்தது என்பது உண்மையே. எனினும் கூலி இழப்பை அது ஈடு செய்யவில்லை. இங்குள்ள குடும்பங்கள் கொடுத்த இவ்விலைக்கு ஈடாகக் கிடைத்தது, மாவட்ட மருத்துவமனைகள் ஆயத்தமாவதற்கான அவகாசம். 2017இல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இருந்தமையால் அவ்வவகாசம் பயன்பட்டது. அது இல்லாதிருந்தால் நோயாளிகள் தஞ்சைக்கும் திருச்சிக்கும் அலைய நேர்ந்திருக்கும்.

கணக்கில் விடுபட்டோர்

எண்ணிக்கையில் சேராதவரைக் கவசமும் சென்று சேராது. நம் மாவட்டத்தினர் பலர் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில் இது தெளிவாயிற்று. அந்நாடு தன் குடியிருப்பாளர்க்கு முகக்கவசம் வழங்கியது. ஒழுங்காக ஊரடங்கையும் நடத்தியது. ஆயினும் அயல்நாட்டுத் தொழிலாளர் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில் தொற்று காட்டுத்தீப்போல் பரவியது. விடுதித் தொழிலாளரில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்ததாக 2020 டிசம்பரில் அரசே அறிவித்தது. நம் நாட்டில் தூய்மைப் பணியாளர்களும் நோயாளிகளின் வீட்டுக் குப்பையை நாள்தோறும் அள்ளினர். மருத்துவருக்கு வேண்டிய அளவு கவசம் அவர்களுக்கு வேண்டாமாயினும், தகுந்த கையுறையும் முகக்கவசமும் காலணியும் அவர்களுக்கு உயிர்க்காப்பே ஆகும்.

'ஊரடங்கு' என்பது கலவரக் காலத் தடையுத்தரவுக்கு வழங்கி வந்த சொல். சொல்லோடு அதன் முறையும் சில இடங்களில் வந்து சேர்ந்தது. 2020 ஜூன் 19இல் சாத்தான்குளத்தில், குறித்த நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகக் கூறித் தந்தையும் மகனும் காவல் துறையினரால் கைது செய்யப்பட்டனர். சில நாட்களில் இருவரும் உயிரிழந்தனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. உயிர் காக்கப் பிறந்த விதி உயிர் போகக் காரணமாகலாகாது.

இரண்டாம் அலை காட்டியது

2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. மே 10இல் தொடங்கிய ஊரடங்கு மே 24 முதல் தளர்வின்றிக் கடுமையாக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருக்க, மீண்டும் கூட்டம் கூடியது. ஆனால் இம்முறை வண்டிகளில் காய்கறி தெருத்தெருவாக வந்தது. நிவாரணம் இரு தவணைகளில் 4,000 ரூபாயாக வழங்கப்பட்டது. கவச உடைக்கு முன்னைப்போல் தட்டுப்பாடில்லை; தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு வந்தது. ஒரு நோயில் பட்ட பாடம் அடுத்த அலையில் ஓரளவே உதவும் என்பதையும், ஆயத்தம் என்பது ஒரு பொருளைக் குவிப்பதன்று என்பதையும் இது காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கவசப் பொருள்களைக் காலாவதியாகும் முன் மருத்துவமனைகளின் அன்றாடப் பயனுக்கு எடுத்து, புதியதை அவ்விடத்தில் வைக்கும் சுழற்சி இருப்பு முறை ஆரம்ப சுகாதார நிலையம் வரை அமைய வேண்டும். இரண்டாவது, ஊரடங்கை அறிவிக்கும்போதே எவ்வளவு நாள், எந்த ஆயத்தத்திற்காக, வேலை இழப்போருக்கு என்ன ஈடு என்பனவற்றையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். தொற்று இல்லாத மாவட்டத்திற்கும் பரவிய மாநகருக்கும் ஒரே அளவுகோல் கூடாது. மூன்றாவது, கவசம் பெற உரியோர் பட்டியலை ஊராட்சிதோறும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுமைத் தொழிலாளர், நியாயவிலைக் கடை ஊழியர் ஆகியோர் அதில் பெயர் பெயராக இடம்பெற வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அணைக்கு மண் சுமப்பவர்கள் யார் என்பதையும், அணை யாருடைய வயலைக் காத்தது என்பதையும் எழுதி வைப்பது கல்வி கற்ற நம் போன்றோரின் கடமையாகும். நம் ஊராட்சிகளில் 2020இலும் 2021இலும் எத்தனை நாள் வேலை இழந்தனர், எத்தனை முகக்கவசம் எப்போது வந்தது என்ற கணக்கை மாணவர் குழுக்கள் வீடு வீடாகச் சென்று தொகுத்தால், அடுத்த முறை திட்டமிடுவோர்க்கு அது பெரிதும் பயன்படும்.