விழுங்க முடியாத நாளில் வலிப்பு மருந்து

சித்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஹவுஸ் சர்ஜன் வேலைக்கு நடுவில் இவ்வளவு நீளமாக எழுத உனக்கு நேரம் கிடைத்ததே ஆச்சரியம். மற்ற சங்கதிகளுக்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன். அந்த நகரி விசைத்தறிக்காரரைப் பற்றி நீ போகிற போக்கில் கேட்ட கேள்விக்கு இப்போதே பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நுரையீரல் புற்று மூளைக்குப் பரவியிருந்தது. இரவில் ஃபெனிடாயின் 300 மி.கி., காலையில் டெக்ஸாமெத்தசோன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்டையில் எதுவும் இறங்காமல் போனதும் வீட்டார் யாரோ ஒரு டாக்டரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். "கஞ்சியே இறங்கலை, ஃபிட்ஸ் மாத்திரை இனிமே எதுக்கு? நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார் அவர். மூன்றாம் நாள் ராத்திரி அடுத்தடுத்து வலிப்பு. 108-ஐக் கூப்பிட்டு, திருப்பதிக்கு ஓடி, ஏதோ ஒரு கேஷுவாலிட்டியில் டிராலி மேலேயே உயிர் போயிற்று. "எப்படியும் இரண்டு மூன்று நாளில் போயிருப்பார், நிறுத்தியது தப்பா சார்?" என்று கேட்கிறாய்.

தப்புதான். அவர் எப்படியும் போயிருப்பார் என்பது எனக்கும் தெரியும். வீட்டுத் திண்ணை அறையில், மனைவி பக்கத்தில் இருக்கப் போயிருக்க வேண்டியவர், சைரன் சத்தத்தில், வாயில் நுரையோடு போனார். பாலியேட்டிவ் சிகிச்சையில் வலிப்பு மருந்து ஆயுளைக் கூட்டுவதற்கு இல்லை. அதனால்தான் 'இனிமே எதுக்கு' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கொலஸ்டிரால் மாத்திரையைக் கடைசி மாதத்தில் நிறுத்து, நானே கைதட்டுகிறேன். வலிப்பு மாத்திரை அந்த ரகம் இல்லை. வலிக்கு மார்ஃபின் எப்படியோ அப்படித்தான் இதுவும்: மூச்சு இருக்கிற வரை வேண்டும்.

மூன்றாம் நாள் என்பதும் தற்செயல் இல்லை. ஃபெனிடாயின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். கூடவே டெக்ஸாமெத்தசோனும் ஒரேயடியாக நின்றதால் கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம் திரும்பியிருக்கும். இரண்டும் ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்தன. விழுங்க முடியாத நாள் வரும் என்பது டிஸ்சார்ஜ் எழுதியவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த நாளைக்கு என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

ஃபெனிடாயின் என்றதும் நான் புலம்பத் தொடங்கிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். பொறுத்துக்கொள். 1938-ல் மெரிட்டும் புட்னமும் அதை நிலைநாட்டியபோது அது பெரிய வரம். தூங்க வைக்காமல் வலிப்பை அடக்கிய முதல் மருந்து. மலிவு, எந்த மெடிக்கல் ஷாப்பிலும் எப்டாயின் என்றால் எடுத்துத் தருவான். ஆனால் இளைத்துப்போன புற்றுநோயாளிக்கு இதைவிடப் பொருந்தாத மருந்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் அது ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு திரிகிறது. வேலை செய்வது பிடிபடாமல் தனியே நிற்கிற பங்குதான். ஒரு நோயாளியின் ஆல்புமின் 2 என்று வை. லேப் ரிப்போர்ட் ஃபெனிடாயின் அளவு 8 என்கிறது. இருக்க வேண்டியது 10-லிருந்து 20 ஆயிற்றே, குறைவாக இருக்கிறதே என்று டோஸைக் கூட்டுகிறார்கள். ஷைனர்-டோசர் கணக்கைப் போட்டுப் பார்: ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டு, 0.5 வரும். 8-ஐ அதால் வகுத்தால் 16. அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது! டோஸ் கூட்டியதும் நோயாளி தள்ளாடுகிறார், கண் ஆடுகிறது, பேச்சு குழறுகிறது. கட்டி பெரிதாகிவிட்டது என்று வீட்டில் அழுகிறார்கள். இந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஓர் எல்லைக்கு மேல் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எகிறிவிடும்.

இதோடு நிற்பதில்லை. கல்லீரலின் நொதிகளைக் கிளப்பிவிட்டு டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். மூளைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது சிலருக்கு உடம்பெல்லாம் தோல் உரிகிற அளவுக்குக் கொண்டுபோய்விடும். ரைல்ஸ் டியூப்பில் கஞ்சியோடு சேர்த்து ஊற்றினால் பாதி உடம்பில் சேராது. ஊசியாகப் போடலாம் என்றால் அது கடுமையான காரம், தோலுக்கடியில் போட்டால் சதை வெந்துபோகும். வாய் அடைபட்டால் வீட்டில் வேறு வழியே இல்லாத மருந்து இது. வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு அதை எழுதுகிறவர்கள் இந்தக் கடைசிக் குறையையாவது யோசிக்க வேண்டாமா?

வலிப்பு வைத்தியத்தில் நம் பக்கம் ஒன்றும் பின்தங்கியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போகிற வேலூர் சி.எம்.சி.யில், 1949-லேயே ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டிடம் கற்றவர். அதே சி.எம்.சி.யின் வேதாந்தம் ராஜசேகரும் குழுவினரும் வேலூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுக் கூடு காரணம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் பாலியேட்டிவ் நோயாளிகளில் சிலருக்கு வலிப்பு புற்றுநோயால் வந்ததாக இருக்காது. கர்ப்பப்பைப் புற்றோடு வரும் பாட்டிக்கு இருபது வயதில் வந்த புழுவின் தழும்பு மூளையில் இருக்கும். நாற்பது வருஷமாக கார்டினால் சாப்பிட்டு வந்திருப்பாள். அதை நிறுத்திவிடாதே.

அந்த கார்டினாலுக்கு, அதாவது ஃபீனோபார்பிட்டலுக்கு ஒரு கதை உண்டு. 1912-ல் ஃப்ரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹௌப்ட்மன் என்ற இளம் டாக்டர் வலிப்பு வார்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தார். ராத்திரி நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுகிற சத்தத்தில் தூங்க முடியவில்லை. அவர்களாவது தூங்கட்டும் என்று புதிதாக வந்திருந்த தூக்க மருந்தைக் கொடுத்தார், வலிப்பே குறைந்தது. பின்னால் யூதர் என்பதற்காக நாஜிகளிடம் சிறைப்பட்டு, அமெரிக்காவுக்கு ஓடிப் பிழைத்தார். நம் பெரிய புராணத்திலும் வலிப்பு உண்டு: கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகன் என்ற அந்த நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்க்கிறார். புராணத்தில் நோய் தீர்ந்தவர்கள்தான் வருகிறார்கள். தீராதவளைப் பார்த்துக்கொண்ட தாயைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் எனக்குச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது போகும் வழியைத் தேர்ந்தெடு என்பது என் கட்சி. இதற்காகப் பலர் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். வாய் திறந்திருக்கும்போதே லெவடிரசெட்டாமுக்கு மாற்றிவிடு. கல்லீரலோடு அதற்குப் பேச்சு இல்லை, மற்ற மருந்துகளோடு மோதாது. சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும் டோஸைக் குறை, சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும் என்று வீட்டில் சொல்லிவை. மாத்திரை இறங்காவிட்டால் சிரப் இருக்கிறது. சிரப்பும் இறங்காவிட்டால் ஊசி மருந்தைத் தோலுக்கடியில் போடலாம்: 500 மி.கி. ஆம்பூலை 100 மி.லி. சலைனில் கலந்து, தொடையிலோ வயிற்றிலோ ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசியைக் குத்தி ஒட்டிவிட்டு மெல்ல இறக்கு. வாயில் கொடுத்த அளவேதான் இங்கும். மருந்துப் பெட்டியின் காகிதத்தில் இந்த வழி அச்சாகியிருக்காது. பாலியேட்டிவ் வார்டுகளில் பழகிய வழிதான், நர்ஸ் சொல்லிக்கொடுத்தால் மருமகள் செய்துவிடுவாள். சிரிஞ்ச் பம்ப் இருந்தால் மிடசோலம் ஒரு நாளைக்கு 20-30 மி.கி. தோலடியில் ஓடவிடலாம், தூங்கிக்கொண்டே இருப்பார் என்பதுதான் விலை. பேத்தியிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேச வேண்டியவர் என்றால் லெவடிரசெட்டாம். அந்தக் கட்டம் தாண்டியவர் என்றால் மிடசோலம். இரண்டும் போதாத அரிய கேஸுக்கு ஃபீனோபார்பிட்டல் ஊசி இருக்கிறது; அதைத் தனி சிரிஞ்சில்தான் ஓட்ட வேண்டும், பெரியவர்களைக் கேட்டுச் செய்.

இதுவரை சொன்னது தினசரி மருந்து. வலிப்பு வந்துவிட்ட நேரத்துக்கு வேறு மருந்து வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு மூக்குக்கு நிகரான வழி இல்லை. மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே. இங்கேதான் கணக்கு உதைக்கிறது, கவனமாகப் படி. கடையில் கிடைப்பதில் ஒரு அடிக்கு 0.5 மி.கி. தருகிற பாட்டிலும் உண்டு, 1.25 மி.கி. தருவதும் உண்டு. பெரியவருக்கு 5 மி.கி. வேண்டும் என்றால் முதல் பாட்டிலில் ஒரு மூக்குக்கு ஐந்து வீதம் பத்து அடி. இரண்டாவதில் ஒரு மூக்குக்கு இரண்டு வீதம் நாலு அடி. டாக்டர் 'வலிப்பு வந்தால் ஸ்ப்ரே' என்று மட்டும் கிறுக்குகிறார். வீட்டில் ஒரு அடி அடித்துவிட்டு, நிற்கவில்லையே என்று 108-க்குப் போன் போடுகிறார்கள். அரை மில்லிகிராமுக்கு எப்படி நிற்கும்? புது பாட்டிலாக இருந்தால் முதலில் காற்றில் சில தடவை அடித்து மருந்து மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் யாரும் சொல்வதில்லை. ஸ்ப்ரே கிடைக்காத ஊரில், மி.லி.க்கு 5 மி.கி. உள்ள ஆம்பூலை ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல விடலாம். மி.லி.க்கு 1 மி.கி. ஆம்பூல் வேண்டாம், ஐந்து மி.லி. தண்ணீராகத் தொண்டைக்குள் ஓடும்.

மூச்சு நின்றுவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பே மூச்சுக்குப் பெரிய ஆபத்து. மார்ஃபினும் சேர்ந்து ஓடுகிறவர் என்றால் வீட்டில் இருவரை உட்காரவைத்துப் பேசி, பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்.

துள்ளுவதெல்லாம் வலிப்பு இல்லை என்பதையும் மறந்துவிடாதே. சிறுநீரகம் சோர்ந்த நோயாளிக்கு மார்ஃபின் தேங்கினால் கையும் தோளும் சடக் சடக்கென்று வெட்டும், நினைவு இருக்கும். அதற்கு வலிப்பு மருந்தைக் கூட்டினால் பயனில்லை, மார்ஃபினைக் குறைக்க அல்லது மாற்ற வேண்டும். டிராமடால் வலிப்பையே கிளப்பும். சாப்பிடாத பாட்டிக்கு சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தால், வலிப்பு என்று வந்தவளுக்கு முதலில் விரலில் ஒரு துளி ரத்தம் எடு. இதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறவரைப் பார்த்தால் என் பெயரைச் சொல்லித் திட்டு. இன்னொரு பக்கம், துள்ளலே இல்லாமலும் வலிப்பு ஓடும்: திடீரென்று குழம்பிப்போய், கண்ணிமை மட்டும் படபடத்துக்கொண்டு கிடப்பவரை 'கடைசி மயக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு டோஸ் மிடசோலம் கொடுத்துப் பார். சிலர் கண் திறந்து பேசுவார்கள். வலிப்பில் கை ஒடிந்தவரை வீட்டார் புத்தூர் கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எலும்பில் புற்று இருக்கிறதா என்று நீ முதலில் பார்த்துவிடு.

உன் இரண்டாவது கேள்வி: மூளைக்குப் பரவியது என்று ஸ்கேனில் தெரிந்த உடனே, ஒரு வலிப்புகூட வராதவருக்கு, முன்னெச்சரிக்கையாக மருந்து தரலாமா? வேண்டாம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-லேயே வேண்டாம் என்றது. 2021-ல் அமெரிக்க, ஐரோப்பிய நரம்புப் புற்றுச் சங்கங்கள் சேர்ந்து அதையே திரும்பச் சொன்னன. அப்படியும் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எப்டாயின் சீட்டும் சேர்ந்தே போகிறது. தொடங்காத மருந்தை யாரும் நிறுத்தவும் வேண்டியதில்லை. ஒரு வலிப்பு வந்துவிட்டால் பேச்சு வேறு: அன்றைக்கே தொடங்கு, கடைசி வரை நிறுத்தாதே.

அலிபிரி அடிவாரத்தில் தேவஸ்தானம் கொடுத்த இடத்தில் 2022-ல் அந்தப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்த பிறகு, நம் பக்கத்து நோயாளிகள் வேலூருக்கும் சென்னைக்கும் அலைவது கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் சாகப் போவது நகரியிலும் பலமநேரிலும் குப்பத்திலும் இருக்கிற வீடுகளில். ஆகவே இனி நீ எழுதுகிற ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் மருந்துப் பட்டியலுக்குக் கீழே தனியாக எழுது: மாத்திரை இறங்காத நாளில் எந்த சிரப், எத்தனை மி.லி.; சிரப்பும் இறங்காவிட்டால் எந்த ஊசி, யார் வந்து குத்துவார்; வலிப்பு வந்தால் எந்தப் பாட்டில், ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை அடி, எத்தனை நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு முறை; யாருக்குப் போன். ஸ்ப்ரேக்கான சீட்டைத் தனித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு. தூக்க மருந்துக் குடும்பம் என்பதால் சீட்டில்லாமல் கடைக்காரன் தரமாட்டான், தரவும் கூடாது. தெலுங்கு வீட்டுக்குத் தெலுங்கில், தமிழ் வீட்டுக்குத் தமிழில். ஆங்கிலத்தில் எழுதி நீட்டாதே. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும்; அதை அருகில் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்பு.

உன் வார்டு அலமாரியில் இருக்கும் மிடசோலம் ஸ்ப்ரே அடிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. லேபிளைப் பார்த்து எழுது, சிஸ்டரைக் கேட்டு எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்