எரிச்சலுக்கு அலர்ஜி என்று பெயர் வைத்தேன்

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, என்னைப் போலவே மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டுச் சலித்திருப்பீர்கள். மரப்புச் சொட்டு, இமையைத் தாங்கும் கிளிப், ஒரு நொடி ஊசி எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஊசிக்கு முன் விடும் அந்தப் பழுப்பு மருந்தை, பொவிடோன் அயோடினைப் பற்றி.

முதல் இரண்டு தடவையும் ராத்திரி முழுக்க எரிந்தது. கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி. மூன்றாம் தடவை, கேஸ் ஷீட் எழுதிய பெண்ணிடம், "அயோடின் எனக்கு அலர்ஜிம்மா" என்று புளுகினேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த டீச்சர் நான்! அவள் சிவப்பு மையில் எழுதினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் சொட்டோடு நிறுத்திக்கொண்டார். "என்ன செஞ்சுது? வீங்குச்சா, தடிச்சுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே அகப்பட்டிருப்பேன். கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் கண் விண்விண்ணென்று தெறித்தது. வெளிச்சம் ஆகவில்லை, எதிரே புகைமூட்டம். "ஊசி போட்டா வலிக்கத்தானே செய்யும், திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குள் சீழ். ஆன்டிபயாடிக்கை உள்ளேயே செலுத்தினார்கள், பிறகு ஆபரேஷன். கண் தங்கியது, பார்வை, விரல் எண்ணுகிற அளவுக்குத்தான்.

கிருமி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, நம் இமையிலும் ரெப்பை முடியிலுமே இருக்கிறதாம். 5 சதவீத அயோடின் விட்டு 30 விநாடியாவது பொறுத்தால் பெரும்பாலும் சாகும். சொட்டு மருந்து அதற்கு ஈடாகாது. மரப்பு ஜெல் தடவுகிற இடமென்றால் அதற்கு முன்பே அயோடின் விடச் சொல்லுங்கள். ஜெல் மூடினால் மருந்து இறங்காது. டாக்டர் மாஸ்க் போட்டிருக்கட்டும், நீங்களும் வாயை மூடியிருங்கள். எச்சில் கிருமி பொல்லாதது. எரிச்சல் அலர்ஜி இல்லை. ஊசி முடிந்ததும் சலைனால் நன்றாகக் கழுவினால் அடங்கிவிடுகிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் புளுகப்போகிறேன்?

அயோடின் விட்டாலும் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். நான் ஏற்கவில்லை.

போன மாதம் மற்றக் கண்ணுக்கு ஊசி. பழைய சீட்டைப் பார்த்துவிட்டு நர்ஸ் அயோடினை ஒதுக்கி வைத்தாள். டாக்டரை வரவழைத்து, அந்தச் சிவப்பு வரியை அடித்துக் கையெழுத்துப் போடவைத்த பிறகுதான் படுத்தேன்.